ஐம்பது கிலோமீட்டர் சாட்சி

அத்தியாயம் ஒன்பது

மணிக்கு நாற்பத்து நான்கு கிலோமீட்டர் வேகத்தில் நாங்கள் சென்றுகொண்டிருந்தபோது, ஒரு சைக்கிள் எங்களை முந்திச் சென்றது.

சாதாரண வாடகைச் சைக்கிள். அதன் பின்னிருக்கையில் ஒரு பெண்மணி ஒருக்களித்து அமர்ந்து, மடியில் கருவாட்டு மூட்டையை அணைத்திருந்தார். ஓட்டியவர் மிதிக்கக்கூட இல்லை. சந்தையைத் தாண்டிய இறக்கம் அவரை இழுத்துச் சென்றது. எங்களைக் கடக்கையில் மரியாதையாக மணியடித்தார்.

"வாத்தியாரே," என்று என் தோளுக்குப் பின்னாலிருந்து அமோன்டி கத்தினாள், "இன்னும் கொஞ்சம் ஓரமா போங்க. பின்னாடி ஒரு ஆடு வருது. அதுக்கும் வழி விடணும்ல?"

நான் சிரிக்கவில்லை. என் கண் மீட்டரின் மேல் இருந்தது. நாற்பத்து நான்கு. பிறகு நாற்பத்தைந்து. சைக்கிள் சிறியதாகிக்கொண்டே போய், வளைவில் மறைந்தது.

என் பெயர் பெனயா ஒலான்டோ. கிசுமு நகரில் ஒரு சிறிய துப்பறியும் அலுவலகம் நடத்துகிறேன். அதற்கு முன்பு இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தேன். அமோன்டி என் உதவியாளர். அதற்கு முன்பு எட்டு ஆண்டுகள் இதே சாலையில் மினிபஸ் நடத்துநர். குரலையும் நாக்கையும் அந்த வேலையிலிருந்து அப்படியே கொண்டுவந்துவிட்டாள்.

நாங்கள் அமர்ந்திருந்த மோட்டார் சைக்கிள் என்னுடையது. எந்தக் கம்பெனியும் அதைச் செய்யவில்லை. ஒரு வண்டியின் சட்டம், இன்னொன்றின் எஞ்சின், மூன்றாவதன் பெட்ரோல் டேங்க் என்று பதினான்கு மாதங்கள் சேர்த்துச் சேர்த்து அதை உருவாக்கியவர் ஒயுகி என்ற மெக்கானிக். டேங்குக்கு டிராக்டர் பச்சை வண்ணம் பூசியவரும் அவரே. கடைசியாக மிஞ்சிய வேலை, நான் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த உள்ளங்கையளவு டிஜிட்டல் மீட்டரைப் பொருத்துவதுதான். அது கடந்த வெள்ளிக்கிழமை முடிந்தது.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மசேனோ ஊரில் பூமத்திய ரேகைப் பலகைக்கு எதிரே மீன் விற்கும் நெரியா அம்மையாரை, நம்பர் பலகை இல்லாத ஒரு பச்சை டேங்க் மோட்டார் சைக்கிள் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. அம்மையாருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவருடைய தம்பி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பச்சை டேங்க், நம்பர் பலகை இல்லை. என் வண்டிக்கும் இன்னும் நம்பர் பலகை மாட்டவில்லை. அது அன்று காலை சோதனை ஓட்டத்துக்குச் சென்றது என்பதும் எனக்குத் தெரியும்.

அதன்பின் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் எழுதியாக வேண்டும்.

சனிக்கிழமை பிற்பகல், சந்தையை ஒட்டி ஒயுகியும் மற்ற மெக்கானிக்குகளும் வேலை செய்யும் பட்டறை வரிசைக்குப் போனேன். நாற்பது மெக்கானிக்குகள் சூழ நின்றார்கள். மீட்டரின் மேல் ஒரு பூப்போட்ட துணி கட்டப்பட்டிருந்தது. அந்த வரிசையில், சோதனை ஓட்டத்துக்கு எல்லோரும் போவது கிசியான் சந்திப்பு வரைதான்; போக வர இருபத்தைந்து கிலோமீட்டர். தானும் அதற்கு மேல் ஒரு அடி போகவில்லை என்றார் ஒயுகி. நான் பேனாக்கத்தியால் துணியின் முடிச்சை அறுத்தேன். வெள்ளிக்கிழமை சுழியமாக இருந்த மீட்டர் 50.2 என்று காட்டியது. மசேனோ சென்று திரும்பினால் சரியாக ஐம்பது.

"இந்தச் சாட்சிக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை," என்று நான் அனைவரும் கேட்கும்படி சொன்னேன். "எண்ணை மறைக்கத் துணி கட்டியிருக்கிறார். எண் மறையவில்லை."

அந்த வாக்கியத்தை வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பட்டறை வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளரின் வண்டியில் ஊர் சுற்றுகிறவனின் மேசையிலிருந்து வைஸைக் கழற்றி, வாசலுக்கு வெளியே சாலையோரம் வைத்துவிடுவார்கள். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்த வைஸ் வெளியே போய்விட்டால், அதன்பின் நகரத்தில் எவரும் அவனுக்கு ஒரு ஸ்பேனர்கூட இரவல் தரமாட்டார்கள். ஒயுகியின் வைஸ் இன்று, திங்கட்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கழற்றப்படும் என்று வரிசைத் தலைவர் ஒமுலோ அறிவித்திருந்தார். அதற்குமுன் நெரியா அம்மையாரின் கைநாட்டுடன் ஒரு புகார் வேண்டும் என்றார். சாட்சியாக வரிசையிலேயே நிறுத்தி வைத்திருந்த வண்டியை இன்று காலைதான் என்னிடம் தந்தார். அந்தக் கைநாட்டை வாங்கத்தான் நாங்கள் மசேனோவுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

"நிறுத்துங்க," என்றாள் அமோன்டி.

"நேரம் இல்லை, அமோன்டி. மணி பத்தரை."

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க வாத்தியாரே. இது தண்ணித் தொட்டி ஸ்டாப்."

நிறுத்தினேன். அவள் இறங்கி மீட்டரை எட்டிப் பார்த்தாள். 58.2.

"கிளம்பும்போது எவ்வளவு இருந்துச்சு?"

"ஐம்பது புள்ளி இரண்டு. குறித்து வைத்திருக்கிறேன்."

"அப்ப எட்டு கிலோமீட்டர் வந்திருக்கோம். நல்லது. இப்ப நான் சொல்றேன் கேளுங்க. சந்தையில இருந்து தண்ணித் தொட்டி நாலு கிலோமீட்டர். எட்டு வருஷம் பஸ் கதவுல தொங்கிக்கிட்டு இந்த ஸ்டாப்பைக் கத்தியிருக்கேன். எனக்குத் தெரியாம ரோடு எப்ப நீளமாச்சு?"

"புதிய மீட்டர். சில சமயம்—"

"சைக்கிள்காரரு நம்மளை முந்திட்டுப் போனாரே, அவரு என்ன ராக்கெட்டா வச்சிருக்காரு? நாம போனது இருபத்திரண்டுல. இது நாற்பத்து நாலுன்னு பீத்திக்குது. எல்லாத்தையும் ரெண்டா சொல்லுது வாத்தியாரே. சனிக்கிழமையும் ரெண்டாத்தான் சொல்லியிருக்கும்."

ஐம்பது புள்ளி இரண்டில் பாதி, இருபத்தைந்து புள்ளி ஒன்று. கிசியான் போய் வரும் தூரம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு.

என் கழுத்தில் வெயில் சுட்டது. ஆனாலும் உடனே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "சக்கரத்தின் சுற்றளவு சரியாகத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது," என்றேன். "அது எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் முன்சக்கரத்தின் அருகே குந்திவிட்டாள்.

இத்தகைய மீட்டர் வேலை செய்யும் விதம் எளியது. சக்கரத்தின் நடுக்குடத்தில் ஒரு சிறு காந்தம் ஒட்டப்படும். அது சுற்றி வந்து, அருகிலிருக்கும் உணரியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் மீட்டர் ஒரு சுற்று என்று எண்ணிக்கொள்ளும். எத்தனை காந்தம், சக்கரத்தின் சுற்றளவு என்ன என்ற இரண்டையும் பொருத்துகிறவர் முதலிலேயே பொத்தானை அமுக்கிச் சொல்லிவிட வேண்டும். மீட்டர் எதையும் தானாகப் பார்ப்பதில்லை. சொன்னதை நம்பும்.

அமோன்டி தன் சட்டையிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி, நூலில் தொங்கவிட்டதுபோல இரு விரலால் பிடித்துக்கொண்டு குடத்தின் அருகே கொண்டு சென்றாள். நான் சக்கரத்தை மெல்ல நகர்த்தினேன். ஊக்கு துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது.

"ஒண்ணு," என்றாள். பிய்த்தெடுத்தாள். "இன்னும் தள்ளுங்க."

அரைச் சுற்றுக்குப் பிறகு ஊக்கு மீண்டும் துள்ளியது. அந்த இடத்தில் கறுப்பு வண்ணத்தைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"ரெண்டு. எதிரெதிரா ஒட்டி, மேல பெயிண்ட் அடிச்சிருக்காரு ஒயுகி. எப்பவுமே அப்படித்தான் அந்த மனுஷன். ஒரு பக்கம் ஒரு நட்டு வச்சா மறுபக்கமும் ஒண்ணு வைப்பாரு. இல்லேன்னா சக்கரம் நொண்டுமாம். காந்தம் ரெண்டு, ஆனா மீட்டர்கிட்ட யாரோ ஒண்ணுன்னு சொல்லியிருக்காங்க." அவள் நிமிர்ந்தாள். "அவரு மசேனோ போகல வாத்தியாரே."

"போகவில்லை," என்றேன்.

"அந்த அம்மா கையை உடைச்சவன் ரெண்டு நாளா நிம்மதியா தூங்கறான். நம்ம புண்ணியத்துல."

எழப்போனவள், எழவில்லை. டயரின் பக்கச் சுவரை உற்றுப் பார்த்தாள். அங்கே ஒரு வெள்ளைக் கோடு. சக்கரத்தின் சுற்றளவை அளக்க டயரில் ஒரு கோடு போட்டு, அது தரையைத் தொடும் இடத்திலும் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டி, டேப் பிடித்து அளப்பது வழக்கம். அந்தக் கோடுதான் அது.

"வரிசையில எல்லாரும் செங்கல் துண்டாலதான் கோடு போடுவாங்க," என்றாள் மெதுவாக. "இது பள்ளிக்கூடத்துச் சாக்பீஸு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கோட்டுப் பையைப் பார்த்தாள். பழக்கத்தை விட முடியாமல் நான் இன்றும் அதில் இரண்டு துண்டுச் சாக்பீஸ் வைத்திருப்பது அவளுக்குத் தெரியும்.

நான் வண்டியைத் திருப்பினேன். திரும்பும் வழியில் அவள் கேலி செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

*

பட்டறை வரிசையை அடைந்தபோது மணி பதினொன்று. ஆனால் நண்பகலுக்கும் கைநாட்டுக்கும் காத்திருக்கத் தலைவர் ஒமுலோவுக்குப் பொறுமை இல்லை. ஒயுகியின் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நான்கு போல்ட்டுகளில் மூன்று ஏற்கெனவே கழன்று மேசைமேல் கிடந்தன. நான்காவதோடு ஓர் இளைஞன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"பத்தொன்பது போடாதப்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஒயுகியேதான். "தலை தேஞ்சுடும். இந்தா, பதினேழு." தன் சொந்த ஸ்பேனரை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

ஒல்லியான, நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர். தன் வைஸைக் கழற்றுகிறவர்கள் அதைச் சரியாகக் கழற்ற வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை இல்லாததுபோல் நின்றார். அவர் உதடு மட்டும் உலர்ந்திருந்தது.

"நிறுத்துங்கள்," என்றேன். "அன்புகூர்ந்து நிறுத்துங்கள். அவர் மசேனோ போகவில்லை."

சம்மட்டிச் சத்தம் ஒவ்வொரு பட்டறையாக ஓய்ந்தது. நான் விளக்கினேன். அமோன்டி சக்கரத்தை உயர்த்தச் சொல்லி, ஊக்கை எடுத்து நீட்டினாள். ஒமுலோ தன் பருத்த உடலை வளைத்துக் குனிந்து, தாமே சக்கரத்தைச் சுற்றினார். டக். டக். சுற்றுக்கு இரண்டு முறை.

"அட," என்றார் யாரோ.

"அதோட தண்ணித் தொட்டி வரைக்கும் ஒரு சைக்கிளோட பந்தயம் விட்டோம் தலைவரே," என்றாள் அமோன்டி. "தோத்துட்டோம்."

சிரிப்பு கிளம்பியது. ஒமுலோ சிரிக்கவில்லை. தாடையைச் சொறிந்தார்.

"சரி. ஊர் சுத்தல. அது முடிஞ்சுது. ஆனா ஒண்ணு கேக்கறேன். ரெண்டு காந்தம் வச்சுட்டு மீட்டர்ல ஒண்ணுன்னு நம்பர் போட்டா அது என்ன வேலை? இவரு எண்பதுன்னு நெனச்சு நாற்பதுல போவாரு. சாக மாட்டாரு, ஆனா ஊரே சிரிக்கும். யாரு செஞ்ச வேலைன்னு கேட்டா நம்ம வரிசையைத்தான் சொல்லுவாங்க. அரைகுறை வேலைக்கும் வைஸ் வெளிய போகும்னு நம்ம சட்டம் சொல்லுது. என்ன ஒயுகி? இது உன் பட்டறையில நடந்த வேலைதானே?"

ஒயுகி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஆமா தலைவரே," என்றார். "என் பட்டறையில நடந்த வேலைதான்."

அது பொய் இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த உண்மைக்குள் எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, அவர் ஒதுங்கி நின்றார். நான் தலையை ஆட்டிவிட்டு, வருத்தம் தெரிவித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். துப்பறிந்து உண்மையைக் கண்டுபிடித்தவன் என்ற பெயரோடுகூடப் போகலாம்.

இளைஞன் ஸ்பேனரை மீண்டும் போல்ட்டில் மாட்டினான்.

எவ்வளவு நேரம் பேசாமல் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. அது நொடிக் கணக்கில்தான் இருக்கும். ஆனாலும் நின்றேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு கோட்டுப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கழன்று கிடந்த மூன்று போல்ட்டுகளின் அருகே வைத்தேன்.

"நம்பர் போட்டது நான்," என்றேன்.

"கேக்கல சார்!" என்று கடைசிப் பட்டறையிலிருந்து ஒரு குரல் வந்தது. கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்கவில்லை.

"நம்பர் போட்டது நான்தான்!" என்று இரண்டாம் முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. "வெள்ளிக்கிழமை வந்தேன். மீட்டரோடு வந்த தாள் நெருக்கமான எழுத்தில் இருந்தது. நான் படித்தவன், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒயுகியின் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டேன். சுற்றளவை நானே அளந்தேன். காந்தம் எத்தனை என்று மீட்டர் கேட்டது. பெயிண்ட் பூசுவதற்கு முன்பு, என் பக்கத்திலிருந்து பார்த்தபோது எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. ஒன்று என்று அமுக்கினேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை."

"நீங்க கேக்கலதான், ஆனா நான் சொல்லாம இல்ல," என்றார் ஒயுகி தயக்கத்துடன். "ரெண்டு பக்கமும் சமமா வச்சிருக்கேன் சார்னு சொன்னேன். நீங்க 'ம்'னு சொன்னீங்க."

அதுவும் உண்மை. இப்போது நினைவுக்கு வந்தது. நான் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே 'ம்' என்றிருந்தேன்.

ஒமுலோ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப சனிக்கிழமையே வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானேய்யா! ரெண்டு நாளா ஊமை மாதிரி நின்னியே!"

"ஓட்டும்போது எனக்குத் தெரியாது தலைவரே. புது மீட்டரை முதல்ல வண்டிக்காரர்தான் பாக்கணும்னு துணி கட்டிட்டுத்தான் ஓட்டுவேன். என் அண்ணன்கிட்ட தொழில் கத்துக்கிட்டதுல இருந்து அப்படித்தான். இவரு முடிச்சை அறுத்து ஐம்பதுன்னு வாசிச்சாரு பாருங்க, அப்பதான் புரிஞ்சுது, நம்பர் தப்பா போயிருக்குன்னு."

"அப்பவாவது சொல்றதுக்கு என்ன?"

ஒயுகி கைகளைத் துணியில் துடைத்தார். அவை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

"நாற்பது பேர் நின்னாங்க. இவரு தன் வண்டி மேலயே கையை வச்சுக்கிட்டுப் பேசுறாரு. அந்த நேரத்துல, நீங்கதான் சார் தப்பு பண்ணினீங்கன்னு எப்படிச் சொல்றது? பதினாலு மாசமா என்கிட்ட வந்து போற மனுஷன்." துணியை மடித்தார். "அதோட, இவரு கணக்கு வாத்தியாரு. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் இருக்கு, வீட்டுல உக்காந்து யோசிச்சா அவருக்கே தெரிஞ்சுடும்னு நெனச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை நான் யோசிக்கவில்லை. தேவாலயத்துக்குப் போனேன். சனிக்கிழமை நான் சொன்ன வாக்கியத்தை இரண்டு நண்பர்களிடம் திரும்பச் சொன்னேன். அவர்கள் பாராட்டினார்கள்.

நான் ஒயுகியிடம் மன்னிப்புக் கேட்டேன். கடைசிப் பட்டறைக்கும் கேட்கும்படி கேட்டேன். துணியைப் பற்றி நான் சொன்னதைத் தனியாகக் குறிப்பிட்டு, அதற்குத் தனியாகக் கேட்டேன். யாரும் கை தட்டவில்லை, யாரும் ஏசவும் இல்லை. ஒருவர் இருமினார். சிலர் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்கள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"போல்ட்டைப் போடுங்க சார்," என்றார் ஒமுலோ. "கழட்ட வச்சவருதான் போடணும். அதுக்குச் சட்டம் ஒண்ணும் இல்ல. அந்தச் சட்டத்தை இப்பதான் போடறேன்."

போட்டேன். மூன்றாவதை மரை சரியாக ஏற விடாமல் கோணலாகத் திருகினேன். ஒயுகி என் கையை விலக்கி, அதைப் பின்னோக்கி அரைச் சுற்றுத் திருப்பி, நேராக்கி, மீண்டும் என்னிடமே விட்டார்.

"இந்த வேலையும் இவரே பண்ணிட்டாரா?" என்றாள் அமோன்டி. "அப்ப வைஸை ஒரு தடவை ஆட்டிப் பாத்துக்குங்க." அந்த முற்பகல் முழுவதிலும் எனக்கு முதன்முறையாக மூச்சு வந்தது.

கூட்டம் கலைந்தது. சம்மட்டிகள் மீண்டும் தொடங்கின. ஒயுகி மீட்டரின் பொத்தானை எனக்குக் காட்டினார், அமுக்கவில்லை. நான் அவரைக் கேட்டேன்: "காந்தம் எத்தனை, ஒயுகி?"

"ரெண்டு சார்."

இரண்டு என்று அமுக்கினேன். திரை ஒருமுறை அணைந்து எரிந்தது. மொத்தத் தூரம் மட்டும் மாறவில்லை. 66.2.

"இதைச் சுழியம் ஆக்க வழி இல்லையா?"

"மொத்தக் கணக்கை அழிக்க முடியாது சார். அப்படித்தான் செஞ்சிருக்காங்க, யாரும் ஏமாத்தக் கூடாதுன்னு."

அறுபத்தாறு புள்ளி இரண்டு. அதில் முப்பத்து மூன்று கிலோமீட்டர் யாரும் ஓட்டாதவை. இந்த வண்டி ஓடும் நாள்வரை, அது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும், அந்த முப்பத்து மூன்றும் அதனுள்ளே இருக்கும்.

ஒயுகியும் அதே கணக்கைப் போட்டிருக்க வேண்டும். மேசையின் கீழிருந்து அந்தப் பூப்போட்ட துணியை எடுத்தார். நான் அறுத்த இடத்தில் அவர் புதிதாக முடிச்சுப் போட்டிருந்தார்.

"வேணும்னா மேல கட்டித் தரட்டுமா சார்?" என்றார் தணிந்த குரலில். "ரோட்டுல யாரும் பாக்க மாட்டாங்க."

"வேண்டாம், ஒயுகி," என்றேன். "திறந்தே இருக்கட்டும்."

அமோன்டி பின்னால் ஏறிக்கொண்டாள். மசேனோவுக்கு நாங்கள் இன்னும் போக வேண்டியிருந்தது. நெரியா அம்மையாரிடம் கைநாட்டு வாங்க அல்ல. இரண்டு நாளாக அவருக்கு நான் சொல்லிவந்த பெயர் தவறு என்று சொல்ல. பிறகு, பச்சை டேங்கைப் பற்றி முதலிலிருந்து கேட்க.

வாசலைக் கடந்து சாலையில் ஏறினேன். மீட்டரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போனேன். 66.2 என்பது 66.3 ஆக மாறுவதற்கு, காலையில் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் பிடித்தது.